டெல்லி ஏன் தனியே நின்றது?

மூன்று வாரங்களுக்கு முன் என் முதுகலை மாணவி ஒருவர் ஆய்வேட்டின் முதல் வரைவை மேசைமேல் வைத்தார். தகவல் தொடர்புத் தொழில்நுட்ப நிலையை வைத்து இந்தியப் பகுதிகளைக் கொத்துக் கொத்தாகப் பிரிப்பதுதான் பொருள். புள்ளியியலில் இதைக் கொத்துப் பகுப்பாய்வு என்கிறோம். கிளஸ்டர் அனாலிசிஸ் என்றால் கணினிப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். வரைவின் நடுப்பக்கத்தில் இருந்த கிளைப்படம் நேர்த்தியாக இருந்தது. கீழே தனித்தனியாகத் தொடங்கும் பகுதிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு கூட்டமாகி, உச்சியில் ஒன்றாகின்றன. டெல்லி மட்டும் கடைசிக் கட்டம் வரை யாரோடும் சேராமல் தனியே நின்றது. "தொலைத்தொடர்பில் டெல்லி பிற பகுதிகளால் எட்ட முடியாத உயரத்தில் இருப்பதை இது காட்டுகிறது" என்று அடியில் எழுதியிருந்தார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எழுதவில்லை. அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கணக்குக்கு வந்து சேர்ந்த அட்டவணையில்தான் கோளாறு. அதே அட்டவணையை வைத்து நாட்டில் எத்தனையோ கட்டுரைகள் எழுதப்படுகின்றன என்பதால் பொதுவில் சொல்ல நினைத்தேன்.

முறை கடினமானதல்ல. ஒட்டன்சத்திரம் சந்தையில் முருங்கைக்காயைத் தரம் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது பாதி தெரிந்த சங்கதி. ஒருவர் நீளத்தைப் பார்த்துக் கட்டுவார், இன்னொருவர் பிஞ்சா முற்றலா என்று பார்த்துக் கட்டுவார். காய் அதேதான், கட்டுகள் மாறிவிடும். கணினி இதையே ஒரே நேரத்தில் பத்து அளவுகளை வைத்துச் செய்கிறது. 1963இல் வார்டு என்ற அறிஞர் வெளியிட்ட முறை, எந்த இரண்டு கூட்டங்களைச் சேர்த்தால் உள்ளே சிதறல் மிகக் குறைவாகக் கூடுமோ அவற்றை முதலில் சேர்க்கும். கே-மீன்ஸ் என்ற முறையில், எத்தனை கூட்டம் வேண்டும் என்பதை முன்கூட்டியே நாம் சொல்லிவிட வேண்டும். அந்த எண்ணிக்கைதான் கே. நான்கு கேட்டால் நான்கு தரும், ஏழு கேட்டால் ஏழு தரும். பிரிவே இல்லாத தரவைக் கொடுத்தாலும் அது பிரித்துத்தான் கொடுக்கும்.

இனி டெல்லிக்கு வருகிறேன். மாணவி எடுத்த முதல் அளவு தொலைபேசி அடர்த்தி, அதாவது நூறு பேருக்கு எத்தனை இணைப்பு என்பது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மாதந்தோறும் இதை வெளியிடுகிறது. பீகாரில் இந்த எண் 60ஐச் சுற்றியே நிற்கிறது. டெல்லியில் 200ஐத் தாண்டிவிடுகிறது. ஆளுக்கு இரண்டு சிம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது. டிராய் மாநில வாரியாக அல்ல, 'வட்டம்' எனப்படும் சேவைப் பகுதி வாரியாக இணைப்புகளை எண்ணுகிறது. டெல்லிச் சேவைப் பகுதியின் இணைப்புக் கணக்கில் உத்தரப்பிரதேசத்தின் நொய்டாவும் காசியாபாத்தும், ஹரியாணாவின் குர்கானும் ஃபரிதாபாத்தும் சேர்ந்துள்ளன. மக்கள்தொகை மாநில வாரியாக மட்டுமே கிடைப்பதால், வகுக்கும் எண் டெல்லி மாநிலத்துடையது. மேலே ஐந்து நகரங்களின் சிம்கள், கீழே ஒரு நகரத்தின் தலைகள். டெல்லி தனியே நிற்காமல் வேறென்ன செய்யும்?

அந்த அடிக்குறிப்பை அவரோடு உட்கார்ந்து படித்தேன். டெல்லியோடு அது முடியவில்லை. ஆந்திரக் கணக்கில் தெலங்கானா அடக்கம். பீகாரில் ஜார்க்கண்ட், மத்தியப்பிரதேசத்தில் சத்தீஸ்கர், மகாராஷ்டிரத்தில் கோவா, மேற்கு வங்கத்தில் சிக்கிம். அருணாசலப்பிரதேசம், மணிப்பூர், மேகாலயா, மிசோரம், நாகாலாந்து, திரிபுரா ஆகிய ஆறு மாநிலங்களும் சேர்ந்து 'வடகிழக்கு' என்று ஒரே வரி. அந்தமான் தீவுகள் மேற்கு வங்க வட்டத்தைச் சேர்ந்தவை. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கண்ணாடி இழை வடம் சென்னையிலிருந்துதான் அங்கே போகிறது. வட்டம் மட்டும் வங்கத்தில். நம் பக்கத்திலும் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டு வட்டம், மாஹே கேரள வட்டம், ஏனாம் ஆந்திர வட்டம்.

இந்த வட்டங்கள் செல்பேசி உரிமம் விற்பதற்காக 1990களில் வரையப்பட்டவை. எங்கே எவ்வளவு வருவாய் வரும் என்று பார்த்து மெட்ரோ, ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுத்தார்கள். ஒருகாலத்தில் நிறுவனங்கள் கட்டிய உரிமக் கட்டண விகிதமே அந்த எழுத்தைப் பொறுத்து மாறியது. ஆந்திரம், குஜராத், கர்நாடகம், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஏ. கேரளம் பி. பீகார், ஒடிசா, அசாம், இமாசலப்பிரதேசம், ஜம்மு காஷ்மீர், வடகிழக்கு ஆகியவை சி. விற்கிறவர் தன் வசதிக்குப் போட்ட கோடுகள் இவை. விற்பனைக்கு அவை சரியாகவே இருந்திருக்கலாம். முப்பது ஆண்டுகள் கழித்து, மக்களின் தொழில்நுட்ப நிலையை அளக்கவும் அதே கோடுகளுக்குள்தான் நாம் நிற்கிறோம் என்பதுதான் என்னை வருத்துகிறது.

வேறு ஓர் அளவுகோலை எடுத்துப் பார்க்கலாம் என்று மாணவியிடம் சொன்னேன். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயதுவரை உள்ளவர்களிடம் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியதுண்டா என்று கேட்டது. நாடு முழுவதற்குமான விடை: பெண்களில் 33.3 சதவீதம், ஆண்களில் 57.1 சதவீதம். பெண்களின் எண்ணை மாநில வாரியாக எடுத்து வட்டங்களின் எழுத்துக்குப் பக்கத்தில் எழுதினோம்.

ஏ வட்டமான ஆந்திரத்தில் 21.0. சி வட்டமான பீகாரில் 20.6. பி வட்டமான கேரளத்தில் 61.1. சி வட்டமான இமாசலத்தில் 49.7. ஏ வட்டத்துத் தமிழ்நாட்டில் 46.9, இமாசலத்துக்கும் கீழே.

இன்னும் உள்ளே போனால் மனம் கொதிக்கிறது. சிக்கிமில் 76.7, மேற்கு வங்கத்தில் 25.5. வட்டக் கணக்கில் இரண்டும் ஒரே வரி. மேற்கு வங்கத்தின் ஒன்பது கோடிப் பேரோடு சேர்த்தால் சிக்கிமின் ஆறு லட்சம் பேர் எங்கே தெரிவார்கள்? மிசோரத்தில் 67.6, திரிபுராவில் 22.9. ஒன்று கேரளத்துக்கும் மேலே, மற்றொன்று பீகாருக்குப் பக்கத்தில். இந்த இரண்டும் 'வடகிழக்கு' என்ற ஒரே புள்ளியாகத்தான் மாணவியின் கிளைப்படத்தில் இருந்தன. உலகத்தின் எந்த அருமையான முறையைக் கொண்டுவந்தாலும் அந்தப் புள்ளியை உடைக்க முடியாது. வரிக்கு வரி சேர்க்கத்தான் முறைக்குத் தெரியும். ஒரு வரிக்குள்ளே இருப்பவர்களைப் பிரிக்க அதற்கு வழியில்லை.

இந்தக் கணக்கெடுப்புக்கும் எல்லை உண்டு. 'எப்போதாவது' என்ற கேள்வி மிகத் தளர்வானது, தினமும் பயன்படுத்துகிறவரையும் ஒருமுறை தொட்டவரையும் சேர்த்துவிடும். ஆண்டுகளும் கடந்துவிட்டன. ஆனாலும் அது ஒரு பெண்ணை நேரில் பார்த்துக் கேட்ட கேள்வி. சிம் அட்டையிடம் கேட்டதல்ல.

தமிழ்நாட்டின் ஏ பற்றி எனக்குச் சொந்தமாக ஒரு நினைவு உண்டு. 2020 ஊரடங்கில் இணையவழி வகுப்பு எடுத்தபோது, மலைக்கிராமத்திலிருந்து வந்து படித்த ஒரு மாணவி எப்போதும் பாதி வகுப்பில் மறைந்துவிடுவார். அக்கறையில்லாத பெண் என்று நினைத்து ஒருநாள் எல்லோர் முன்பும் கண்டித்தேன். அன்று மாலை அவருடைய அண்ணன் அழைத்தார். வீட்டில் சிக்னல் கிடையாது, கால் மணி நேரம் நடந்து ஒரு பாறைமேல் ஏறினால்தான் இரண்டு கோடு வரும், மழை வந்தால் இறங்கிவிடுகிறாள், டீச்சர் தப்பாக நினைக்க வேண்டாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பாறையும் ஏ வட்டத்தில்தான் இருக்கிறது. முன்பு தனி மெட்ரோ வட்டமாக இருந்து பிறகு தமிழ்நாட்டோடு இணைக்கப்பட்ட சென்னையின் சிம்களெல்லாம் சேர்ந்த சராசரிதான் அந்தப் பெண்ணுக்கும் பதில் சொல்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அட்டவணை கேட்காது.

நம் நாட்டுப் புள்ளியியலுக்கு இந்த விஷயத்தில் பெருமைப்படத்தக்க மரபு இருக்கிறது என்பதால் ஆதங்கம் கூடுகிறது. புள்ளியியலாளர் பி.சி. மகலனோபிஸ் 1936இல் வெளியிட்ட தூர அளவு, அதாவது இரண்டு கூட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு வேறுபட்டவை என்று சொல்லும் அளவு, இன்று உலகமெங்கும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கும் அளவுகளை இரட்டிப்பாக எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் சிறப்பு. தொலைத்தொடர்புக்கு இது மிகவும் பொருந்தும். செல்பேசி இணைப்பு, அகன்ற அலைவரிசை இணைப்பு, டேட்டா பயன்பாடு என்று அட்டவணையில் மூன்று பத்திகள் போட்டால், மூன்றும் கூடவே ஏறுவதால் ஒரே சங்கதிக்கு மூன்று ஓட்டு விழுந்துவிடும். என் மாணவியின் வரைவில் அப்படித்தான் விழுந்திருந்தது. பெண்கள் பயன்பாடு என்ற பத்தி அதில் இல்லவே இல்லை. 1941இல் ஐக்கிய மாகாணத்தில் (இன்றைய உத்தரப்பிரதேசப் பகுதி) எடுத்த உடல் அளவுகளை வைத்து மகலனோபிஸும் மஜும்தாரும் சி.ஆர். ராவும் இந்தத் தூரத்தால் மக்கள் கூட்டங்களை ஒப்பிட்டார்கள். அதற்காக ஆட்கள் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு மனிதராக நிறுத்தி அளந்திருக்கிறார்கள். இன்று ஒவ்வொரு சிம்மும் எந்தக் கோபுரத்தோடு பேசுகிறது என்பது நிறுவனங்களின் கணினியில் நொடிக்கு நொடி பதிவாகிறது. வெளியே வருவது என்னவோ வட்டத்துக்கு ஒரு வரி.

சின்ன அளவில் எண்ணுவது கடினம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 4ஜி எட்டாத ஊர்களுக்காக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அப்போது சொன்ன எண்ணிக்கை 24,680 கிராமங்கள். பத்தாயிரக்கணக்கில் தோராயமாகச் சொல்லவில்லை, கடைசி எண்பது வரை எண்ணியிருக்கிறார்கள். பணம் ஒதுக்கக் கிராமம் கிராமமாக எண்ண முடிகிறவர்களால், மாதாந்திர அறிக்கையில் மாவட்டத்துக்கு ஒரு வரி தர முடியாதா? நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் கிராமச் சேவைக்கான பொது நிதிக்குப் போகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியது. அந்தப் பணம் சரியான இடத்துக்குப் போகிறதா என்று ஒரு கல்லூரி மாணவி தன் மடிக்கணினியில் சரிபார்க்கும்படி தரவு இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். வணிக ரகசியம் என்பார்கள். எந்த நிறுவனத்துக்கு எத்தனை என்று கேட்கவில்லை, எல்லாம் சேர்த்த மாவட்டக் கூட்டுத்தொகை போதும்.

ஆய்வேடுகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் மென்பொருளைத் திறப்பதற்கு முன், அட்டவணையின் ஒவ்வொரு வரியும் எந்த நிலத்தைக் குறிக்கிறது, வகுத்த எண் யாருடையது என்று ஒரு பக்கம் கையால் எழுதச் சொல்லுங்கள். கே எத்தனை, எந்தத் தூரம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கும் நானே முதல் நாளில் கே பற்றிக் கேட்டேனே ஒழிய, வரிகளைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்படியானால் நான் செய்ததெல்லாம் வீணா, மேடம்?" என்று கேட்டார் மாணவி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. வீணாகவில்லை. டிராயின் அடிக்குறிப்புகள் இப்போது அவருடைய முதல் இயலாகிவிட்டன. இரண்டாம் இயலில் இரண்டு கிளைப்படங்கள் எதிரெதிர்ப் பக்கத்தில் வருகின்றன, ஒன்று வட்டங்களை வைத்து, மற்றொன்று மாநிலங்களையும் பெண்களின் பயன்பாட்டையும் வைத்து.

டிராய் தன் ஆலோசனை அறிக்கைகளுக்குப் பொதுமக்களிடமிருந்தும் கருத்துக் கேட்கிறது. அந்த வழக்கத்தை நம்பி, மாவட்ட வாரிக் கணக்கு வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறோம். கடிதத்தின் முதல் பத்தியில் மிசோரமும் திரிபுராவும் இருக்கின்றன. இரண்டாம் பத்தியில் அந்தப் பாறை.