கேசட்டுக்குள் கேட்ட கைதட்டல்

போன சனிக்கிழமை இரவு சிங்கப்பூரில் ஒரு சின்ன இடத்தில் நாற்பது பேரோடு உட்கார்ந்து ஜாஸ் ஃபியூஷன், அதாவது ஜாஸோடு வேறு இசையும் கலந்து வாசிக்கும் கச்சேரி ஒன்று கேட்டேன். கிட்டார், கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ். நான்கு பேரும் உள்ளூர்ப் பிள்ளைகள், முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார்கள். மூன்றாவது உருப்படி ஏழு அடித் தாளக் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. கீபோர்டு வாசித்த பெண் தன் முறை வந்ததும் நிதானமாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டு போனாள். இதோ உச்சிக்கு வந்துவிட்டாள் என்று எல்லோரும் முன்னால் சாய்ந்த நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. விரல்கள் கட்டைகள் மேல் ஓடுகின்றன, ஒலி இல்லை. வயர் போய்விட்டது.

அடுத்து நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பேஸ் வாசித்தவர் டிரம்ஸ் பையனை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். பையன் உடனே அடியைக் குறைத்து, டிரம்மின் விளிம்பிலும் சிம்பலிலும் மட்டும் தட்ட ஆரம்பித்தான். பேஸ் வாசித்தவர் அந்தப் பெண் பாதியில் விட்ட நாலு சுரத்தைப் பிடித்துக்கொண்டார். அதையே கீழே, ரொம்பக் கீழே, மெதுவாக வாசித்தார். அடுத்த சுற்றில் ஒரு சுரம் கூட்டினார். அதற்கடுத்த சுற்றில் இன்னொன்று. கிட்டார்க்காரர் குனிந்து புது வயர் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். தாளம் ஓர் இடத்தில்கூடச் சறுக்கவில்லை. கீபோர்டு திரும்ப உயிர் பெற்றதும் அந்தப் பெண் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. இரண்டு சுற்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அப்புறம் பேஸ் அதுவரை வளர்த்து வைத்திருந்த வரியை அவரிடமிருந்து வாங்கி, அங்கிருந்து மேலே போனாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த சீனப் பெரியவர் கவனித்திருக்கிறார். எழுபது வயது இருக்கும். என்ன எண்ணுகிறீர்கள் என்று கேட்டார். ஏழு, மூன்றும் நாலுமாகப் பிரித்து எண்ணுகிறேன் என்று சொல்லி, தகிட தகதிமி என்று தட்டிக் காட்டினேன். எங்கள் சங்கீதத்தில் இதற்கு மிஸ்ர சாபு என்று பெயர் என்றேன். அவரும் தன் முழங்காலில் தட்டிப் பார்த்தார். முதலில் விட்டுவிட்டார், நாலாவது சுற்றில் பிடித்துக்கொண்டார். உருப்படி முடியும்வரை இருவரும் சேர்ந்தே தட்டினோம்.

இந்த இசைக்கு நான் திரும்பி வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முதல் அறிமுகம் 1991இல். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கை ரோடு பழஞ்சாமான் சந்தையைச் சுற்றி வருவது பழக்கம். (2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடிய அன்றும் போய்ப் பார்த்தேன்.) தரையில் விரித்த பாயில் கேசட்டுகள் குவிந்து கிடந்தன. ஒன்றின் மேல் சக்தி என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அம்மாவுக்குப் பக்திப் பாடல் என்று நினைத்து இரண்டு வெள்ளி கொடுத்து வாங்கினேன்.

வீட்டில் போட்டால் பாட்டே இல்லை. கிட்டார் ஒன்று பேய் வேகத்தில் போகிறது, வயலின் துரத்துகிறது, பின்னால் தபலா, அதற்கும் பின்னால் வேறு ஏதோ. அம்மா முகத்தைச் சுளித்தார். அன்று வீட்டுக்கு வந்திருந்த மாமாதான் கையைக் காட்டி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். மாமா பஜனைகளுக்கு மிருதங்கம் வாசிப்பவர், சொந்த ஊர் மானாமதுரைப் பக்கம். மானாமதுரைக் கடம் என்றால் கச்சேரி உலகத்தில் தனிப் பேர் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் கேட்டவர் சொன்னார்: “டேய், இது நம்ம விநாயக்ராம் கடம்டா! அந்த வெள்ளைக்காரன் என்னடா, கிட்டார்ல கமகம் போடறான்?”

கமகம் என்றால் சுரத்தை அசைத்து வாசிப்பது. அந்தக் கேள்விக்கு முழுப் பதில் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த வெள்ளைக்காரர் ஜான் மெக்லாக்லின். 1969 ஆகஸ்டில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் நியூயார்க்கில் மூன்று நாள் வாத்தியக்காரர்களின் ஒரு பெரிய கூட்டத்தைக் கூட்டி, மின்கிட்டாரும் மின்பியானோவுமாக ஒரு பதிவு செய்தார். ஜாஸ் ஃபியூஷன் என்றால் எல்லோரும் முதலில் கைகாட்டும் பதிவு அது. அந்த அறையில் மெக்லாக்லின் இருந்தார். சிக் கொரியா இருந்தார். ஜோ ஸாவினுலும் வேய்ன் ஷார்ட்டரும் இருந்தார்கள். அடுத்த சில வருடங்களில் இவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்க் குழுக்கள் தொடங்கினார்கள். ஸாவினுலும் ஷார்ட்டரும் சேர்ந்து வெதர் ரிப்போர்ட், கொரியா ரிட்டர்ன் டு ஃபாரெவர், மெக்லாக்லின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா.

மகாவிஷ்ணு காதைக் கிழிக்கும் மின்னிசை. அந்தப் பேரும் புகழும் உச்சத்தில் இருந்த நாட்களிலேயே மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை வித்வான் எஸ். ராமநாதனிடம் போய் வீணை கற்றுக்கொண்டார். உலகமே திரும்பிப் பார்க்கும் கிட்டார்க்காரர் நம் வாத்தியார் ஒருவர் முன்னால் மாணவனாக உட்கார்ந்தார். அதன் பிறகுதான் சக்தி என்ற குழு. கிட்டாரின் தண்டில் மெட்டுக் கம்பிகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிக்கொண்டார், வீணையில் தந்தியை இழுத்து அசைப்பதுபோல இதிலும் அசைக்க முடியவேண்டும் என்பதற்காக. தம்பூராபோலச் சுருதி சேர்க்கவென்று ஏழு தந்திகளைக் குறுக்கே மாட்டிக்கொண்டார். மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் எல். சங்கரின் வயலின், இன்னொரு பக்கம் ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம். மாமா அரை நிமிடத்தில் பிடித்த அந்தக் கமகத்துக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருந்திருக்கிறது.

சக்தியின் முதல் ஆல்பம் 1975இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. என் கேசட் அதுதான். ஒவ்வொரு உருப்படியும் முடிந்ததும் கைதட்டல் கேட்கும். பதினெட்டு வயதில் அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு அந்தக் கைதட்டலைக் கேட்பேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குவேன்.

அப்புறம் தேசிய சேவை, வேலை, கல்யாணம், பிள்ளை. இசை என் வாழ்க்கையில் சமையலறை வானொலியாகச் சுருங்கியது. 2005 முதல் பத்து வருடம் கடலோரக் கலையரங்கமான எஸ்பிளனேடில் ஆண்டுதோறும் மொசைக் இசை விழா நடந்தது. நான் இருந்த ஊரில், எம்ஆர்டி ரயிலில் அரை மணி நேரத் தூரத்தில். ஒரு வருடம்கூடப் போகவில்லை. டிக்கெட் விலையைப் பார்ப்பேன், அடுத்த வருடம் போகலாம் என்பேன்.

2024 டிசம்பர் 15. ஜாகிர் உசேன் இறந்த செய்தி. அன்று இரவு எல்லோரும் தூங்கியபின் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இறங்கிப் போய்க் கல் மேசையில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, அந்த முதல் ஆல்பத்தை முழுதாகக் கேட்டேன். கடைசி உருப்படி மட்டும் ஏறத்தாழ அரை மணி நேரம். பத்து வருடத்தில் எதையுமே நான் அரை மணி நேரம் நிறுத்தாமல் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முடிந்ததும் அதே கைதட்டல். அதைக் கேட்டதும் தாங்க முடியவில்லை. பின்னாளில் சக்திக்காரர்களோடு வாசித்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 2014இல் போனார், 45 வயதில். சிக் கொரியா 2021இல். வேய்ன் ஷார்ட்டர் 2023இல். இப்போது ஜாகிர். ஒருவரைக்கூட நான் நேரில் கேட்டதில்லை.

அன்றிலிருந்து மாதம் இரண்டு கச்சேரியாவது நேரில் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். பெரிய பேர் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. எஸ்பிளனேடின் வெளியரங்கில், கடலோரத்தில், காசே இல்லாமல் எத்தனையோ நிகழ்ச்சிகள் நடக்கின்றன. நவம்பரில் இந்தியக் கலை விழாவான கலா உத்சவம் வரும். ஜெரமி மொன்டேரோ பியானோ வாசிக்கிறார் என்றால் எந்த வேலையையும் தள்ளிவைத்துவிட்டுப் போய்விடுகிறேன். 2002இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் வாங்கியவர். அவருடைய இடது கையை மட்டுமே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். மற்ற நாட்களில் மாடியறைகள், கோப்பிக் கடைக்குப் பக்கத்துச் சந்துகள், முப்பது நாற்காலி போட்ட இடங்கள்.

பதிவில் கேட்பதற்கும் நேரில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் சத்தத்தில் இல்லை. நேரில் உட்காரும்போது அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்பதை நாம் பார்க்கிறோம். கிட்டார்க்காரர் புதிதாக ஒன்று வாசித்தால் டிரம்ஸ் பையனின் தலை சட்டென்று நிமிரும். பதில் இரண்டு அடி கழித்து வரும். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் ஒரு கோர்வையைப் போட்டு, ஒரே சொற்கட்டை மும்முறை வாசித்துத் தீர்மானம் வைத்துவிட்டுக் கடத்தைப் பார்ப்பாரே, அதே பார்வை. கேசட்டில் எனக்கு அந்தப் பதில்கள் எல்லாம் கேட்டன, பார்வைகள் கிடைக்கவில்லை.

நம் மக்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சிங்கப்பூரில் நம் தமிழர்கள் இசைக்குச் செலவு செய்யத் தயங்குபவர்கள் இல்லை. சினிமாப் பாடகர் வந்தால் நூற்றைம்பது வெள்ளி கொடுத்துக் குடும்பத்தோடு போகிறோம். அது தப்பே இல்லை, நானும் போகிறேன். ஆனால் பாட்டு இல்லாத இசை என்றதும் ‘நமக்குப் புரியாது’ என்று ஒதுங்கிவிடுகிறோம். ஜாஸ் ஃபியூஷன் வெள்ளைக்காரர் சமாசாரம் என்கிறோம். அந்த அரங்கில் யாருக்குப் புரியாவிட்டாலும் நமக்குப் புரியும். ஏழும் ஒன்பதும் பத்தும் மற்றவர்களுக்குப் பெரிய கணக்கு, நமக்குக் கோயில் தவில் சத்தத்திலேயே பழகிய நடை. மெக்லாக்லின் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலைச் சொல்லித் தரும் டிவிடி ஒன்றே வெளியிட்டிருக்கிறார். நம் வீட்டுச் சொத்தை அவர் உலகத்துக்குக் கற்றுக்கொடுக்கிறார். நாம் அதைக் கேட்கப் போவதில்லை என்றால் எனக்கு மனசு ஆறவில்லை.

ஃபியூஷன் என்ற சொல்லையே நாம் கெடுத்து வைத்திருக்கிறோம் என்பதும் உண்மை. கல்யாண வரவேற்பில் சினிமா மெட்டுக்குத் தபலாவும் கீபோர்டும் சேர்த்து வாசித்தால் அதற்கும் ஃபியூஷன் என்றுதான் பேர். அதில் யாரும் யாரையும் கேட்பதில்லை. இரண்டு இசை ஒரே மேடையில் உட்கார்ந்தால் மட்டும் ஃபியூஷன் ஆகிவிடாது. ஒன்று மற்றொன்றிடம் போய்ப் படித்திருக்க வேண்டும்.

மிருதங்கம் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர், இதையெல்லாம் கேட்டால் பிள்ளையின் வாசிப்பில் மரபின் சுத்தம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். என் நண்பர் ஒருவரும் அப்படித்தான் சொன்னார். விநாயக்ராம் வீட்டைப் பாருங்கள் என்றேன். அவர் உலகம் பூரா சுற்றி எல்லாரோடும் வாசித்தார். மகன் செல்வகணேஷ் கஞ்சிராவில் அப்பா பேரைக் காப்பாற்றினார். 2024இல் சக்திக்கு கிராமி விருது கிடைத்தபோது மேடையில் நின்றவர்களில் அவரும் ஒருவர். பேரன் சுவாமிநாதனும் கஞ்சிராதான். மூன்று தலைமுறை ஆகியும் எந்தச் சுத்தமும் போகவில்லை. நண்பர் பதில் சொல்லவில்லை, ஆனால் அடுத்த வாரம் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மாமாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. அங் மோ கியோவில் மகள் வீட்டில் இருக்கிறார். கை நடுங்குகிறது, மிருதங்கத்தைத் தொட்டு நாளாகிவிட்டது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சக்கர நாற்காலியில் வைத்து வெளியரங்குக்குக் கூட்டிப்போனேன். கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது, துண்டைக் கழுத்தில் சுற்றிவிட்டேன். டிரம்ஸ் வாசித்தது ஒரு மலாய்ப் பையன். முதலில் மாமா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பையன் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் அவருடைய வலது கை நாற்காலிப் பிடியில் மெல்ல எழுந்து விழத் தொடங்கியது. பையன் மும்முறை ஒரே சொற்கட்டைப் போட்டு முடித்தபோது, மாமாவின் உள்ளங்கை சரியாகச் சமத்தில், தாளம் தொடங்கும் அடியில், விழுந்தது. நடுக்கம் இல்லை.

சுற்றிலும் கைதட்டல். மாமா என் பக்கம் திரும்பினார்.

“தீர்மானம் வெக்கிறான்டா இந்தப் பையன். யார்ட்ட படிச்சான்னு போய்க் கேட்டுட்டு வா.”