அடுத்த புத்தகத்துக்கு ஓட்டெடுப்பு வேண்டாம்

எங்கள் தூத்துக்குடி வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அடுத்த புத்தகத்துக்கான ஓட்டெடுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. பொன்னியின் செல்வனா, கொற்கையா, இந்த வருடப் புத்தகக் காட்சியில் எல்லோரும் பேசிய அந்தப் புது நாவலா என்று கேள்வி. நான் ஓட்டுப் போடவில்லை. போடப்போவதும் இல்லை. ராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகள் நாவலை நாம் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். குழுவில் நாலு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஆளுக்கொரு ஓட்டு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டுப் போடுகிறவர்களில் பலர் கூட்டத்துக்கு வருவதில்லை. தவறாமல் வருகிற சிலர் குழுவில் வாயே திறப்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், ஏற்கெனவே கேள்விப்பட்ட பெயர்தான் எப்போதும் ஜெயிக்கிறது. படிக்காத புத்தகத்துக்கு ஒருவர் எதை வைத்து ஓட்டுப் போடுவார்? பெயரை வைத்துத்தான். கேள்விப்படாத ஒன்றைக் கையில் எடுக்க நமக்கு ஒரு வட்டம் தேவைப்படுகிறது. கேள்விப்பட்டதை அவரவர் வீட்டிலேயே படித்துக்கொள்ளலாமே.

பொன்னியின் செல்வன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 1950இல் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் வாரா வாரம் வந்த கதை அது. அடுத்த வாரம் எப்போது வரும் என்று ஏங்க வைப்பதற்காகவே ஒவ்வொரு அத்தியாயமும் ஓர் இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கும். ஐந்து பாகத்தையும் ஒரே மாதத்தில் முடி என்று வேலைக்குப் போகிறவர்களிடம் சொன்னால், முதல் பாகத்தோடு வந்து உட்கார்வார்கள், பேச்சு படத்துக்குப் போய்விடும். கொற்கை விஷயம் வேறு. நம் ஊரின் நூறாண்டு, நம் துறைமுகம், நம் தோணிகள். ஜோ டி குரூஸுக்கு 2013இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்த நாவல். கட்டாயம் வாசிக்க வேண்டும். ஆனால் ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிற புத்தகத்துக்கு மூன்று நான்கு கூட்டங்களாவது ஒதுக்க வேண்டும். அதை ஜனவரியில் தொடங்கி நிதானமாகப் போகலாம் என்பது என் யோசனை.

இப்போது கரிப்பு மணிகளுக்கு வருகிறேன்.

நம் வட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். கடைசி வரிசையில் சுவரோரமாக உட்காருவார். எல்லாப் புத்தகத்தையும் முடித்துவிட்டுத்தான் வருவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். போன வருடம் ஏதோ ஒரு சிறுகதையில் உப்பு வாருகிற காட்சி வந்தது. கல்லூரித் தம்பி ஒருவர் அந்த வர்ணனை அழகு என்று வாசித்துக் காட்டினார். அப்போது அந்த அக்கா எழுந்து, "தம்பி, வெயில் ஏறின பிறகு வெறுங்கண்ணால பாத்தியைப் பார்க்க முடியாதுப்பா, அந்த வெள்ளை கண்ணுல அடிக்கும்" என்றார். அவருடைய அம்மா அளத்தில், அதாவது உப்பளத்தில், வேலை பார்த்தவர். விடியும் முன்னே டார்ச் விளக்கோடு போவது, உப்புத்தண்ணீரில் நின்று குதிகால் வெடித்துப் போவது, வெடிப்பில் உப்பு இறங்கும் எரிச்சலுக்கு ராத்திரி எண்ணெய் தடவிவிடுவது, பாத்தியிலிருந்து உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டுக்குச் சுமக்கும்போது வரப்பில் கால் வழுக்காமல் விரலை ஊன்றி நடப்பது என்று சொல்லிக்கொண்டே போனார். அன்றைக்கு ஒருவரும் குறுக்கே பேசவில்லை. நம் வட்டத்தில் நடந்த மிக நல்ல உரையாடல் அதுதான் என்று எனக்குப் படுகிறது. எல்லாரையும் விட அதிகம் தெரிந்தவர் இத்தனை நாளும் கடைசி வரிசையில் இருந்திருக்கிறார். அவரைப் பேச வைக்கிற புத்தகத்தை நாம் எடுக்கவேயில்லை.

அதனால்தான் சொல்கிறேன், புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது எது பெரிய நாவல் என்று மட்டும் கேட்கக் கூடாது. யார் பேசுவார்கள் என்றும் கேட்க வேண்டும். கரிப்பு மணிகளின் களம் தூத்துக்குடி உப்பளம். பொன்னாச்சி என்ற இளம்பெண் தம்பியோடு அளத்து வேலைக்கு வருகிறாள். பெண் என்பதால் அங்கே அவளுக்கு நேர்கிற கொடுமைகளை ராஜம் கிருஷ்ணன் மூடி மறைக்காமல் எழுதியிருக்கிறார். உரிமை கேட்டுத் தொழிலாளிகளை ஒன்றுசேர்க்கப் பார்க்கிற ராமசாமியும் இருக்கிறான். நாவல் வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இதில் எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று சொல்லக்கூடிய ஆட்கள் நம் ஊரில்தான் இருக்கிறார்கள்.

இது பிரச்சார நாவல், கலை குறைவு என்று மறுப்பு வரும், தெரியும். குழுவில் ஓர் அண்ணாச்சி ஏற்கெனவே தனியே அழைத்துச் சொல்லிவிட்டார். அவர் வாசிப்பு மேல் எனக்கு மதிப்பு உண்டு. சில இடங்களில் பாத்திரங்கள் பேசும்போது ஆசிரியர் பேசுவது போலத் தோன்றும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதையே நாம் விவாதிக்கலாமே. ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர், உப்பளத்துக்கு வெளியிலிருந்து வந்தவர். நீலகிரிப் படுகர் வாழ்க்கையைக் குறிஞ்சித் தேன் நாவலிலும் கடலோர மீனவர் வாழ்க்கையை அலைவாய்க் கரையில் நாவலிலும் எழுதியவர். எதை எழுதினாலும் அந்த மக்களிடம் நேரே போய்க் கேட்டு, பார்த்து எழுதுவது அவர் வழி. வெளியிலிருந்து வந்த ஒருவர் எவ்வளவு தூரம் பார்க்க முடியும், எங்கே தவறவிடுவார்? இதற்குப் பதில் சொல்ல அடுத்த மாதமே சு. தமிழ்ச்செல்வியின் அளம் நாவலையும் வாசிக்கலாம். அது வேதாரண்யம் பக்கத்து உப்பு மண், அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர் எழுதியது. ஒரு தாயும் மூன்று பெண்களும் பிழைக்கிற கதை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் அண்ணாச்சி கேட்கிற கலையைப் பற்றிய பேச்சும் தானாக வரும்.

கிடைக்குமா என்று கேட்பீர்கள். முதுமையில் ராஜம் கிருஷ்ணன் மிகவும் சிரமப்பட்டுக்கொண்டிருந்தபோது, 2009இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. வழக்கமாக எழுத்தாளர் மறைந்த பிறகு செய்வதை அவர் உயிரோடு இருக்கும்போதே செய்தார்கள். 2014இல் அவர் காலமானார். நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். இணையத்திலும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. நூலகத்தில் இருக்கும் ஒரே பிரதிக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டாம். கண் மங்கியவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். வாங்க வசதி இல்லாத மாணவர்கள் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதும் இல்லை. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. விலையைப் பார்த்துவிட்டு அந்த மாதம் வராமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

காலமும் பொருந்தி வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சேர்த்து வைத்த உப்பு கரைந்து போனதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். அக்டோபரில் வாசித்து நவம்பரில் கூடினால், வேலை இல்லாத அந்த நாட்களில் அளத்தில் உழைக்கிற பெண்கள் சிலரையும் கூட்டத்துக்கு அழைக்க முடியும். அவர்கள் நாவலைப் படித்திருக்க வேண்டும் என்று இல்லை. நாம் இரண்டு அத்தியாயத்தைச் சத்தமாக வாசிப்போம், அவர்கள் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். அவர்களைப் பேச்சாளர்களாக மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டாம். நம்மோடு வட்டமாக உட்காரட்டும். போக வர ஆட்டோ செலவை வட்டத்தின் பணத்திலிருந்து கொடுப்போம்.

இனிமேல் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு முறை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாதமும் ஒருவர் சொல்கிற புத்தகத்தை மற்ற எல்லோரும் மறுபேச்சில்லாமல் வாசிப்பது. ஒரே நிபந்தனை, சொல்கிறவர் அதை முழுவதும் படித்து முடித்திருக்க வேண்டும். யாருடைய முறை என்பதை வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி வைத்துக்கொள்ளலாம். அப்போது பேசாதவர்களுக்கும் முறை வரும். அந்த அக்கா என்ன புத்தகம் சொல்வார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

ஆட்சேபம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்து நேரில் சொல்லுங்கள். கரிப்பு மணிகளின் முதல் ஐம்பது பக்கத்தையாவது படித்துவிட்டு வாருங்கள். அச்சுப் பிரதி வேண்டுமென்றால் எனக்குத் தனியே தகவல் அனுப்புங்கள், மொத்தமாகச் சேர்த்து வாங்கித் தருகிறேன்.