ஆச்சியோட பாம்படத்த எங்கலே தொலச்சீங்க?

போன வாரம் நான் போட்ட பழைய கருப்பு வெள்ளைப் படம் ஞாபகம் இருக்கும். நாற்காலியில் ஆச்சி, பக்கத்தில் நின்றபடி ஏழு வயது அம்மா. அதை எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றில் கலராக்கிக் குடும்பக் குரூப்பில் போட்டதும், சரமாரியாக ஹார்ட்டு விழுந்ததும், "இது அம்மா இல்லை" என்று நான் எழுதியதற்கு "மதினிக்கு எதுலயும் குத்தம்தான்" என்று பதில் வந்ததும் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மறுபடியும் சொல்கிறேன். அது அம்மா இல்லை. அது ஆச்சியும் இல்லை.

எங்க ஆச்சி சாகிறவரை ரவிக்கை போட்டதில்லை. அந்தப் படத்தில் சேலையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பாள். கலர் படத்தில் அவளுக்குப் பச்சை ஜாக்கெட்! பாம்படம் என்கிற கனத்த காதணி போட்டு வளர்த்த காது, தோளைத் தொடுகிற மாதிரி தொங்கும். அதைச் சின்னதாக்கி ஒரு ஜிமிக்கியை மாட்டிவிட்டிருக்கிறது. எவ்வளவு கஷ்டத்திலும் ஆச்சி அடகு வைக்காத பாம்படம். கம்ப்யூட்டர் ஒரு நிமிஷத்தில் முழுங்கிவிட்டது.

"டெக்னாலஜி பிடிக்காதா?" என்று கேட்பீர்கள். பிடிக்கும். ஸ்கேன் பண்ணிப் போட்டதே நான்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்துப் பெரியம்மா வீட்டு ஆல்பம் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக் கூழாகிப் போனதைக் கண்ணால் பார்த்தவள். அதனால்தான் முக்கூடல் வீட்டு டிரங்குப் பெட்டியில், பழைய ஆரெம்கேவி பைக்குள் இது கிடைத்த அன்றைக்கே ஸ்கேன் பண்ணினேன். ஓரமெல்லாம் வெள்ளி பூத்திருந்தது. கருப்பு வெள்ளைப் படத்தில் இருப்பதே வெள்ளிதானே, அது மேலே வந்து மினுங்கும். பென்சிலால் பின்னால் பேர் எழுதிவைத்தேன். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் பதிந்துவிடும். செல்லோடேப், லேமினேஷன் பக்கமே போகாதீர்கள். இதெல்லாம் ஒருத்தரும் கேட்கவில்லை, கலர்தான் கேட்டார்கள்.

அந்தக் கலர் எங்கிருந்து வந்தது? சேலை என்ன நிறம் என்று அந்தப் புரோகிராமுக்குத் தெரியாது. எங்கெங்கோ பார்த்த லட்சக்கணக்கான படங்களை வைத்து, சேலை என்றால் இந்த நிறமாக இருக்கும், பெண் பிள்ளை முகம் என்றால் இப்படி இருக்கும் என்று ஊகிக்கிறது. அதன் ஊகத்தில் பெண் பிள்ளை என்றால் சிவப்பாக, கன்னம் வழவழவென்று இருப்பாள்.

எங்க அம்மா கன்னம் வழவழவென்று இருக்காது. 1961-ல் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் முத்து போட்டது. பெரியம்மை. தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியதே 1962-ல்தான். மூத்தவள் போய்விட்டாள். அம்மா தழும்போடு பிழைத்தாள். மூத்தவளுக்கு ஒரு படம்கூட இல்லை. இன்னொன்றும் போய்விட்டால் முகம் மறந்துபோகுமே என்று பயந்துதான் 1963-ல் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்குப் போன இடத்தில், ரத வீதி ஸ்டூடியோவில் ஆச்சி இதை எடுத்தாள். பின்னால் மாளிகைப் படிக்கட்டும் கிளியும் வரைந்த திரை. முன்னால் தழும்போடு ஒரு பிள்ளை. அந்தத் தழும்பால் எடுத்த படம்யா இது. அதை அழித்துவிட்டு "சூப்பர்லா" என்கிறீர்கள்.

"அவன் ஆசையாத்தான பண்ணான்?" தெரியும். நல்ல பையன்தான். ஆசையாகப் பண்ணினால் கேட்காமல் பண்ணலாமா? உங்க ஆச்சிக்கு நான் ஆசையாக மூக்கை மாற்றி ஸ்டேட்டஸில் வைக்கட்டுமா?

"அந்தக் காலத்து ஸ்டூடியோவிலயும் டச்சிங் உண்டுலா?" உண்டு. நெகட்டிவ் மேலேயே பென்சில் வைப்பார்கள். அம்மா தழும்பை ஸ்டூடியோக்காரர் ஏன் விட்டார் என்றால், ஆச்சி அதற்குக் காசு தர மாட்டேன் என்றுவிட்டாளாம். சரி, இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அதற்காக மற்றதெல்லாம் நியாயமாகிவிடாது.

இனி சொல்ல வேண்டாம் என்று நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் போனைக் காட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் அந்தக் கன்னத்தைத் தடவப்போய், படம் பெரிதாகிவிட்டது. "நல்லாத்தான ஏட்டி இருக்கு. இதையே பிரேம் போடு" என்றாள்.

பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார் காப்பியைக் குடித்துவிட்டு, முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போன கதையை அவள் சிரித்துக்கொண்டே சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன். ஹார்ட்டு போட்டவர்களில் அந்த வீட்டார் ஒருத்தர் உண்டு. பேர் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

பிரேம் கடையில் கொடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமை வாங்கணும். எந்தப் படம் என்று யாரும் கேட்க வேண்டாம். கமெண்டில் அந்தக் கலர் படத்தைக் கொண்டுவந்து ஒட்டுகிறவர்களை, சொந்தமென்றாலும் பிளாக் பண்ணுவேன்.