லேப்டாப் வாங்கிய முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்

முப்பது, முப்பத்தைந்தாயிரம் ரூபாய் லேப்டாப்பை எல்லோரும் பிராசசர் பெயரைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். கம்பெனிக்காரன் காசை மிச்சம் பிடிப்பதோ விளம்பரத்தில் வராத பாகங்களில். ஒரே மாடல் நம்பரில்கூட ஒரு பேட்சுக்கு ஒரு எஸ்எஸ்டி (ஃபைல்கள் சேமிக்கும் பாகம்), அடுத்த பேட்சுக்கு வேறொன்று வரும். ரிவ்யூவில் பார்த்த மெஷின்தான் உங்களுக்கும் வரும் என்று நம்பாதீர்கள். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் நாமே சோதித்துவிட வேண்டியதுதான்.

(பிராசசர் பெயரிலும் சூது உண்டு. ஏஎம்டியின் ரைசன் 5 7520யு-வில் 7 என்பது 2023 வரிசை. மூன்றாவது இலக்கமான 2-ஐப் பாருங்கள், உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு.)

முதலில் ஹிஞ்ச், அதாவது மூடியின் கீல். உலோக ஹிஞ்சைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக்கில் பதித்த சின்னச் சின்னப் பித்தளை நட்டுகள். ஹிஞ்ச் இறுக்கமாக இருந்து, மூடியை ஒரு மூலையில் பிடித்தே திறந்து வந்தால், அந்த நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்துவிடும். மூடியை நடுவில் பிடித்து மெதுவாகத் திறந்து, பின்பக்க மூலைகளைக் கவனியுங்கள். நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டாலோ, நறநறவென்று சத்தம் வந்தாலோ வீடியோ எடுத்து அன்றைக்கே புகார் கொடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் 'பிசிக்கல் டேமேஜ், வாரன்டி கிடையாது' என்று கையை விரிக்க வாய்ப்பு அதிகம்.

ரேமுக்கு (மெஷினின் தற்காலிக நினைவகம்) விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி என்று போய்ப் பாருங்கள். 8 ஜிபி ஒற்றை ஸ்டிக்காக இருந்தால், அதே ரேமை நம்பியிருக்கும் கிராபிக்ஸ் திணறும். இன்னொரு ஸ்டிக் போட்டால் சரியாகும். அங்கே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று காட்டி, தனி ஸ்லாட்டும் இல்லையென்றால் அது போர்டிலேயே பற்றவைத்தது. ஆயுசுக்கும் அவ்வளவுதான்.

எஸ்எஸ்டியை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (CrystalDiskInfo) என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். புது மெஷினில் பவர் ஆன் ஹவர்ஸ் (ஓடிய மணிநேரம்) நூற்றுக்கணக்கில் இருந்தால் அது டிஸ்ப்ளேயில் வைத்ததாகவோ, யாரோ திருப்பிக் கொடுத்ததாகவோ இருக்கலாம். பேட்டரிக்கு, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'powercfg /batteryreport' என்று அடியுங்கள். அதில் வரும் ரிப்போர்ட்டில் டிசைன் கெபாசிட்டியைவிட (புதிதில் இருக்க வேண்டிய அளவு) ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது நிரம்பும் அளவு) பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அந்தப் பீஸை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

சூடு விஷயத்தில்தான் பலரும் வீணாகப் பயப்படுகிறார்கள். 90 டிகிரியைத் தொட்டாலே பழுது என்று அர்த்தமில்லை. பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் (Cinebench) மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற இன்னொரு மென்பொருளில் வெப்பத்தையும் வாட்டையும் (சிப் இழுக்கும் மின்சாரம்) சேர்த்துப் பாருங்கள். 15 வாட் இன்டெல் சிப் முதல் அரை நிமிடம் அதிக வாட்டில் பாய்ந்துவிட்டு 15-இல் நின்றால் அது இயல்பு. வெப்பம் 95-க்கு மேலேயே நிற்க, வாட் மட்டும் பத்துக்குக் கீழே இறங்கினால் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகம்) சரியாக உட்காரவில்லை, அல்லது இரண்டுக்கும் நடுவே பூசும் பேஸ்ட் ஒழுங்காகப் பூசவில்லை என்று சந்தேகப்படலாம். அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு போங்கள். வெறுமனே 'ரொம்பச் சுடுது' என்றால் சர்வீஸ் சென்டரில் விண்டோஸை மறுபடி ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.