கேட்டவரின் குரலையும் அச்சில் ஏற்றுங்கள்

ஒரு முதியவரின் வாழ்க்கை அனுபவத்தை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கியபோது, "அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன்" என்று அவர் சொன்னதையே தலைப்பாக வைத்திருந்தேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் பதிவை மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். வேலை பறிபோன நாளைப் பற்றிச் சொல்லி வந்தவர் நிறுத்துகிறார், நான்கைந்து விநாடி மௌனம், அதைப் பொறுக்க மாட்டாமல் நான், "முதல் தடவையாகப் பயந்துவிட்டீர்களோ?" என்கிறேன். பயம் என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தது நான்தான். அந்த மௌனத்தை முடிக்க அவரிடம் வேறு சொல் இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் இன்னும் என்னை உறுத்துகிறது.

கேள்விகளை நீக்கிவிட்டு, ஒருவர் தாமாகவே பேசியதுபோல நேர்காணலை வெளியிடும் வழக்கம் தவறானது என்பது என் உறுதியான கருத்து. வாசிக்கச் சுகமாக இருக்கும் என்பதற்காக, அந்தக் கதையை உருவாக்கிய இருவரில் ஒருவரை நாம் மறைத்துவிடுகிறோம்.

எதிரில் இருப்பவர் யார் என்பதே கதையை மாற்றிவிடும். அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, முன்னாள் அடிமைகளின் நினைவுகளை அரசுத் திட்டமொன்றின் கீழ் பதிவு செய்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் சேர்ந்தன. அவற்றில், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை ஒரு வெள்ளையினப் பெண்ணும் ஒரு கறுப்பின ஆணும் தனித்தனியே கண்டு பேசியிருக்கிறார்கள். முன்னவரிடம் தம் எசமானரை நல்லவர் என்று சொன்னவர், பின்னவரிடம் சவுக்கடிகளையும், பிரிக்கப்பட்ட குடும்பங்களின் அழுகையையும் விவரித்தார். கேட்டவர்களின் பெயரும் குறிக்கப்பட்டிருப்பதால்தான் இந்த வேறுபாட்டின் காரணத்தை நம்மால் உணர முடிகிறது.

கேள்வியே கேட்காமல் "ம்" கொட்டுவதுகூடச் சிறிய காரியம் அன்று. ஜேனட் பேவலஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மயிரிழையில் தப்பிய அனுபவங்களைச் சிலரைச் சொல்லச் சொன்னார்கள். கேட்பவர்களில் ஒரு பகுதியினருக்கு, குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ணும் வேலையைக் கொடுத்தார்கள். அவர்களின் கவனம் சிதறியதும் சொல்பவர்கள் தடுமாறினார்கள். கதையின் உச்சத்தை, அதாவது உயிர் தப்பிய அந்தக் கணத்தையே, சரியாகச் சொல்ல முடியாமல் போனது.

அந்த முதியவரின் பதிவில் தலைப்பை எடுத்துவிட்டேன். என் கேள்வியை இருந்த இடத்திலேயே மறுபடி சேர்த்து, அதற்கு மேல் அடைப்புக்குறிக்குள் "மௌனம்" என்று எழுதினேன்.