ஆச்சி வீட்டு அடுக்களையிலிருந்து

கோடை லீவு தொடங்கிவிட்டால் முகநூலில் ஆச்சி வீட்டு வாசம் தூக்க ஆரம்பித்துவிடும். தார்சா என்கிற முன்கூடம், கிணற்றடி, முறுக்குச் சம்படம், ஆற்றுக் குளியல், ஆச்சி உருட்டிக் கையில் போட்ட சோறு. நன்றாகத்தான் எழுதுகிறார்கள், நானும் லைக் போடுகிறேன். ஆனால் அந்த வீட்டு மருமகளைப் பற்றி ஒரு வரி எழுதியவர் அபூர்வம். ஆச்சி இருப்பாள், தாத்தா இருப்பார், வீட்டு மாடுகூடப் பெயரோடு இருக்கும். மாமா பொண்டாட்டி என்று ஒருத்தி இருந்திருப்பாளே, அவளை மட்டும் காணோம்.

நான் அந்த மாமா பொண்டாட்டி. அம்பாசமுத்திரத்தில் நாங்கள் இருக்கும் வீடுதான் என் நாத்தனார் பிள்ளைகளுக்கு ஆச்சி வீடு. மூத்தவர் பெங்களூரில் இருக்கிறார், இளையவள் சென்னையில். இருவரும் நல்ல மனுஷிகள், என்னிடம் ஒரு நாள் முகம் சுளித்துப் பேசியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப் போவதைப் படித்துவிட்டு நாத்தனார் கொடுமை என்று யாரும் கிளம்பக் கூடாது. இது கொடுமைக் கதை இல்லை. யாருமே யோசிக்காமல் நடந்துகொண்டிருக்கிற ஒரு ஏற்பாட்டைப் பற்றியது.

ஏற்பாடு இப்படித்தான். பெங்களூர்ப் பள்ளிகளுக்கு ஏப்ரல் நடுவிலேயே பெரிய லீவு விட்டுவிடுகிறார்கள். மூத்தவர் நாகர்கோவில் ரயிலில் வந்து திருநெல்வேலியில் இறங்குவார். அவர்கள் ஊருக்குக் கிளம்பும் நேரத்துக்குச் சென்னையில் பரீட்சை முடிந்திருக்கும். இளையவள் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து, செங்கோட்டை பாசஞ்சர் பிடித்து, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிக்கொண்டே வருவாள். முன்னெல்லாம் 120 நாளுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம், அதனால் பொங்கலுக்கு முன்னாலேயே போன் வந்துவிடும். 2024 நவம்பரிலிருந்து ரயில்வே அதை 60 நாளாகக் குறைத்துவிட்டது. இப்போது மாசி மாதம் வருகிறது போன். "டிக்கெட் போட்டாச்சு மதினி." எப்போது வரட்டும் என்று கேட்கிற போன் இல்லை அது, வருகிறோம் என்று சொல்கிற போன். அம்மா வீட்டுக்கு வர யாரிடம் கேட்க வேண்டும்? சரிதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தேதியில் நான் இங்கே இருப்பேனா என்ற கேள்வி ஒருவர் மனசிலும் எழுவதில்லை. கிணறு இருக்குமா என்று யாராவது கேட்பார்களா?

வந்து இறங்கியதும் முதல் கோரிக்கை சொதி. "சென்னையில நான் வச்சா வாயில வைக்க முடியல மதினி, நீங்க வைங்க." திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொதியைப் பற்றிச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாடு அது. ஒரு டஜன் தலைக்கு வைக்க வேண்டுமானால் முதலில் தேங்காய்களை உடைத்துத் துருவி மூன்று பால் எடுக்க வேண்டும். முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் நறுக்கி மூன்றாம் பாலில் வேக வைத்து, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிக்க விட்டு, கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்ற வேண்டும். அந்த நேரம் அடுப்பை விட்டு நகரவே கூடாது. ஓரத்தில் நுரை கூடி வருகிறபோதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும், அத்தனை தேங்காயும் வீண். எலுமிச்சம்பழம் பிழிவது இறக்கிய பிறகு. அப்புறம் தேங்காய்ப் பால் செரிக்க இஞ்சிப் பச்சடி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ். வருஷா வருஷம் சரியாக நான் முதல் பாலை ஊற்றுகிற நிமிஷத்தில் தார்சாவிலிருந்து ஒரு குரல் வரும்: "மதினி, அப்படியே ஒரு காபி கிடைக்குமா?"

மறுநாள் அந்தச் சொதி வாழை இலையோடு முகநூலில் ஏறியிருக்கும், 'ஆச்சி கைமணம்' என்ற தலைப்போடு. என் மாமியாருக்கு மூட்டு வலி வந்து அடுப்புப் பக்கம் நின்றே பல வருஷம் ஆகிறது. அதற்காக அந்தத் தலைப்பு முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வாசனையை வைத்தே "உப்புக் காணாது ளா" என்று சொல்லிவிடுவார். போய் ருசி பார்த்தால் காணாதுதான். எனக்குத் தெரிந்த சமையலில் முக்கால்வாசி அவர் சொல்லித் தந்தது. ஆனால் கைமணம் என்று எழுதுகிறபோது அது எந்தக் கை என்று ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்.

ஆண்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். லீவில் அவர்களும் சும்மா இருப்பதில்லை. என் வீட்டுக்காரரும் மாப்பிள்ளைமாரும் காலை டிபன் முடித்துப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாபநாசம் போவார்கள், ஒரு நாள் மணிமுத்தாறு, ஒரு நாள் அகஸ்தியர் அருவி. ஈரத் துணி மூட்டையோடும் அகோரப் பசியோடும் மதியம் வந்து இறங்குவார்கள். வந்து சேர்ந்ததும் "அப்பாடா, என்ன வெயில்" என்று ஃபேனுக்குக் கீழே விழுவார்கள். மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறதே, அதன்படி சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிஷம் போகிறது, ஆண்களுக்கு 88 நிமிஷம். 2019இல் இது 299, 97 ஆக இருந்தது. ஆக ஐந்து வருஷத்தில் இருவருக்கும் பத்துப் பத்து நிமிஷம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். அருவிக்குக் கூட்டிப் போனதை அந்த 88இல் சேர்க்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். துணியைத் துவைத்துக் காயப்போட்டால் சேர்க்கலாம் என்றேன்.

வேலை அதிகம் என்பதற்காக இதை எழுதவில்லை. வேலை எல்லாருக்கும்தான் அதிகம். எனக்கு உறுத்துவது வேறு விஷயம்.

எனக்கும் ஒரு அம்மா வீடு இருக்கிறது. சங்கரன்கோவிலில், தறிச் சத்தம் கேட்கிற தெருவில். என் பிள்ளைகளுக்கு அதுவும் ஆச்சி வீடுதானே? ஆற்றில் குளிக்க முடியாது, அருவி கிடையாது, கரிசல் காட்டு வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் என் அம்மா அங்கேதான் இருக்கிறாள். என் பிள்ளைகளுக்கும் அதே ஏப்ரல் மேயில்தான் லீவு. இரண்டு நாத்தனாரும் மாறி மாறி வந்து போவதற்குள் ஜூன் பிறந்து பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது. நடுவில் ஏதாவது சனி ஞாயிறு பார்த்து ஓடிப் போய்விட்டு, திங்கள்கிழமை காலை முதல் பஸ்ஸில் திரும்பி ஓடி வர வேண்டும். ஆடித் தபசுக்குப் போகலாம் என்றால் அப்போது பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும். அம்மா வாசலில் நின்றுகொண்டு, "அங்க ஆளுக வந்திருப்பாக, நீ கெளம்பு" என்பாள். அவளே என்னைத் துரத்திவிடுவாள். மகளை அதிக நாள் வைத்துக்கொண்டால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற பயம் அவளுக்கு.

கணக்கு என்னவென்றால், என் நாத்தனார்கள் நிம்மதியாக அம்மா வீட்டுக்கு வர வேண்டுமானால் நான் என் அம்மா வீட்டுக்குப் போகாமல் இருக்க வேண்டும். இதில் இன்னொரு வேடிக்கை, பெங்களூர் நாத்தனாரின் வீட்டுக்கு அவருடைய நாத்தனார் அதே லீவில் வருகிறார். அதனால்தான் இவர் இங்கிருந்து அவசரமாகக் கிளம்புகிறார். அங்கே போய் அவர் அடுப்படியில் நிற்பார், அந்தப் பிள்ளைகள் அவரை அத்தை என்று கூப்பிடும். அவருக்கு இது தெரியாமலா இருக்கும்? ரயில் ஏறும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

என் மாமியாருக்கு ஆழ்வார்குறிச்சி. இங்கிருந்து கூப்பிடு தூரம். "நீங்க லீவுக்கெல்லாம் அங்க போவீங்களா அத்தை?" என்று வத்தல் போடும்போது ஒரு தடவை கேட்டேன். "எங்க ளா போக? ஒங்க மாமாவுக்கு அக்கா தங்கச்சி நாலு பேரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, "எங்க அம்மா செத்தப்ப பதினாறு வரைக்கும் இருந்தேன். அப்ப ஒருத்தரும் கூப்பிடல" என்றார். எனக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. ஆனால் அதே அத்தைதான், நான் நாத்தனார் மகளிடம் வெங்காயம் உரிக்கச் சொன்னால், "வந்த பிள்ளையை வேலை ஏவாத, ரெண்டு நாளு இருந்துட்டுப் போகட்டும்" என்று தடுப்பார். தனக்குக் கிடைக்காதது தன் மகளுக்கு முழுசாகக் கிடைக்க வேண்டும் என்பது அவர் நியாயம். அதில் தப்புச் சொல்ல முடியவில்லை. அந்த நியாயம் என் தலையில் விடிகிறது, அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் சட்டம் பேசலாமா? இந்த வீடு என் மாமனார் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டியது, உயில் எழுதாமல் போய்விட்டார். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அத்தைக்கும், என் வீட்டுக்காரருக்கும், இரண்டு நாத்தனாருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. பூர்வீகச் சொத்தாக இருந்தால்கூடத் தமிழ்நாட்டில் 1989இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பங்கு வந்துவிட்டது, நாடு முழுக்க வர 2005 ஆயிற்று. மிக நல்ல சட்டங்கள். நாத்தனார்கள் பங்கு கேட்டால் நான்தான் முதல் ஆளாக நிற்பேன், அவர்கள் அப்பா கட்டிய வீடு. ஆனால் பாருங்கள், காலை காபியிலிருந்து ராத்திரிப் பால் வரைக்கும் இந்த வீட்டில் நிற்கிற எனக்கு இதில் ஒரு செங்கல்கூடப் பங்கு கிடையாது. பங்குள்ள மூன்று பேர் தார்சாவில் உட்கார்ந்திருக்கிறார்கள், பங்கில்லாத ஒருத்தி பரிமாறுகிறாள். எனக்குப் பங்கு வேண்டும் என்று கேட்கவில்லை. தன் வீடு என்று உரிமையோடு வருகிறவர்கள் விருந்தாளி மாதிரி உட்காரக் கூடாது என்கிறேன். சொந்த வீட்டில் காபியை நாமேதானே போட்டுக்கொள்வோம்?

வேலை சொன்னால் பிள்ளைகளுக்கு ஆச்சி வீடு பிடிக்காமல் போய்விடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். நான் பார்த்தது நேர் எதிர். லீவு முழுக்க இந்தப் பிள்ளைகள் போனை விட்டு எழுந்திருப்பதில்லை, தார்சாவில் மூலைக்கு ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். அவர்கள் தாமாகவே எழுந்து ஓடி வருகிற ஒரே நாள் கூழ்வத்தல் போடுகிற நாள். விடிவதற்கு முன்பே எழுந்து கூழ் கிண்டிவிட வேண்டும், வெயில் ஏறினால் மாடியில் கால் வைக்க முடியாது. பழைய வேட்டியை நனைத்து விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, பிள்ளைகள் கையில் முறுக்கு உழக்கைக் கொடுத்துவிடுவோம். கோணல் மாணலாகப் பிழிவார்கள், பெயரெழுத்தெல்லாம் எழுதுவார்கள். அத்தை மாடிப்படி ஏற முடியாமல் கீழேயிருந்து, "நெருக்கிப் போடாதீங்க, ஒட்டிக்கிடும்" என்று கத்துவார். அப்புறம் காக்கா விரட்டுகிற டூட்டி. விரட்டுகிற சாக்கில் பாதி காய்ந்ததையெல்லாம் பிய்த்துத் தின்று தீர்ப்பதும் அவர்களே. போன வருஷம் சென்னைப் பையன் ஊருக்குப் போகிறபோது கேட்டு வாங்கிக்கொண்டு போனது தான் பிழிந்த வத்தலைத்தான், சாந்தி அல்வாவை அவன் சீண்டவே இல்லை. அதே பையனிடம் தேங்காய் துருவக் கொடுத்தால், "ஆம்பளப் பிள்ளையப் போயி" என்று அத்தை பதறுகிறார். அவன் நன்றாகத்தான் துருவுகிறான். ஓட்டோடு சேர்த்துக் கொஞ்சம் சுரண்டிவிடுகிறான், பழகிவிடும்.

என் யோசனை ரொம்பச் சின்னது. மாசியில் போன் வருகிறபோதே தேதியைப் பேசிவிடுவோம். லீவில் இத்தனை நாள் இவர்கள் இங்கே, அதில் இத்தனை நாள் நான் சங்கரன்கோவிலில். நான் இல்லாத நாளில் வீடு ஒன்றும் பூட்டியிருக்கப் போவதில்லை. அம்மாவைப் பார்க்கத்தானே வருகிறார்கள், அம்மா இருக்கிறார். அடுக்களை அவர்கள் வளர்ந்த அடுக்களை, அஞ்சறைப்பெட்டி எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வேளையும் தன் அம்மாவுக்குச் சமைத்துப் போட்டு, மருந்து எடுத்துக் கொடுத்து, ராத்திரி காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு இருந்து பார்க்கட்டுமே. வருஷத்தில் ஒரு வாரமாவது மகளும் அம்மாவும் நடுவில் மருமகள் இல்லாமல் இருக்க வேண்டாமா? என் காதில் விழக் கூடாதென்று குரலைத் தணித்துப் பேச வேண்டிய அவசியமும் இருக்காது. (தணித்தாலும் விழத்தான் செய்கிறது என்பது தனி.)

இதை இந்த வருஷம் சொல்லியும் விட்டேன். சென்னை நாத்தனார் போனில் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "சரி மதினி, போயிட்டு வாங்க. அப்ப சொதி?" என்றாள். முதல் பால் ஊற்றின பிறகு அடுப்பை விட்டு நகராதே என்றேன். அத்தைக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, இரண்டு நாளாக என்னிடம் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறார். என் வீட்டுக்காரர் யார் பக்கமும் பேசாமல் பேப்பர் படிக்கிறார்.

மே முதல் வாரம் நானும் பிள்ளைகளும் கிளம்புகிறோம். இட்லி மாவு அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போவேன். முதல் நாளைக்கு மட்டும்.