காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்காதீர்கள்

பெரியவர்களுக்குச் சளி பிடித்தால் நம் வீடுகளில் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். சூடு இல்லையா, சரி, வெறும் சளிதான். ஆஸ்துமா உள்ள 60, 70 வயதுக்காரர் விஷயத்தில் இந்தக் கணக்கு ஆபத்தானது.

வயதானால் கிருமி தொற்றினாலும் உடம்பு சில நேரம் சூடேறாது. ஆனால் சாதாரண மூக்கொழுகலைத் தரும் ரைனோ வைரஸ்கூட ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயை வீங்க வைத்துச் சுருக்கிவிடும். ப்ளூவும், மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்எஸ்வி என்ற இன்னொரு வைரஸும் இன்னும் மோசம்.

கோலாலம்பூர் செந்தூலில் என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. பேரப்பிள்ளை பாலர் பள்ளியிலிருந்து கொண்டுவந்த சளி. "ஒண்ணும் இல்லப்பா" என்றார், நிறுத்தி மூச்சு வாங்கினார், அப்புறம்தான் "காய்ச்சலே இல்லையே" என்றார். தோள்பட்டை ஏறி இறங்கியது. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. நேராக அவசரப் பிரிவு, கேஸ் (மருந்தைப் புகைபோல மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசர்) வைத்தார்கள், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள்.

அதனால் நெற்றியை விடுங்கள், பேச்சைக் கவனியுங்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, ஆள் குழம்பிப் பேசுகிறார் என்றால் உடனே 999 அவசர எண்ணை அழையுங்கள். மூச்சு இறுகும்போது உடனடி நிவாரணத்துக்கு இழுக்கும் நீலப் பம்ப் (இன்ஹேலர்) அடித்தும் மூன்று நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

நீலப் பம்பைப் பற்றி எனக்குப் பெரிய ஆதங்கம் உண்டு. அது குழாயைக் கொஞ்ச நேரம் விரித்துவிடும், வீக்கத்தைக் குறைக்காது. வீக்கத்துக்குத்தான் ஸ்டீராய்டு பம்ப். 'இழுப்பு இல்லையே, எதற்கு?' என்று நம் ஆட்கள் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். நீலப் பம்பை மட்டும் நம்பி ஆஸ்துமாவைப் பார்க்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான கினா 2019லேயே சொல்லிவிட்டது. கை நடுங்கும் பெரியவர்களுக்கு, பம்பில் மாட்டி மருந்தை நிதானமாக இழுக்க உதவும் ஸ்பேசர் குழலும் வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பாதி மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும்.

கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் கேட்டு அடம்பிடிப்பதும் வேண்டாம். வைரஸை அது ஒன்றும் செய்யாது. கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு மருந்து போடுபவராக இருந்தால், ஆஸ்துமா இருப்பதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்தச் சொட்டே மூச்சை இறுக்கிவிடும்.

ப்ளூ ஊசி ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டும். முதியோருக்கான ஆர்எஸ்வி தடுப்பூசி 2023இல்தான் முதன்முதலாக அனுமதி பெற்றது. இரண்டையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

தீபாவளி ஓப்பன் ஹவுஸ் ஆனாலும், இருமும் பிள்ளையைத் தாத்தா பாட்டி வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் இதை முகத்துக்கு நேராகவே சொல்கிறோம். சிலர் கோபித்துக்கொண்டார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.